எழுதியவர் ஒருவர், சேர்த்தவர் ஒருவர்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மூலநிரலை எப்போது இறக்கினாலும் நான் முதலில் திறப்பது 'கிரெடிட்ஸ்' கோப்பைத்தான். ஆளுக்குச் சில வரிகள்: பெயர், செய்த வேலை, ஊர். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய வேலைக்குச் சம்பளம் வாங்காமல் தோள்கொடுத்த பலர் அதில் இருக்கிறார்கள். குடும்பப்பெயரின் அகரவரிசை என்பதால் டோர்வால்ட்ஸே பட்டியலின் கடைசிப் பகுதியில்தான் வருகிறார். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஆனால் யார் எந்த வரியை எழுதினார் என்பதை அந்தக் கோப்பு சொல்லாது. 2005இல் டோர்வால்ட்ஸே எழுதிய கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் அந்தக் குறையைத் தீர்த்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் எழுதியவர் பெயரும் சேர்த்தவர் பெயரும் தனித்தனியாகப் பதிவாகும். மின்னஞ்சலில் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பும் தன்னார்வலருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! பராமரிப்பாளர் தன் கையால் சேர்த்தாலும் உழைப்பு உழைத்தவர் பெயரில்தான் நிற்கும்.

நிரலே எழுதாதவர்களுக்கும் மாற்றத்தின் குறிப்பில் இடம் உண்டு. சோதித்தவருக்கு 'டெஸ்டட்-பை', பிழையைக் கண்டு சொன்னவருக்கு 'ரிப்போர்ட்டட்-பை'. பிழையைத் தனிப்பட்ட முறையில் தெரிவித்திருந்தால், பெயரைப் போடும் முன் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றும் கெர்னல் விதி சொல்கிறது.