போலிச் செயலிழப்பு அறிவிப்பு

போலிச் செயலிழப்பு அறிவிப்பு என்பது, கணினி பழுதடைந்துவிட்டது அல்லது நச்சுநிரலால் தாக்கப்பட்டுள்ளது என்று பயனரை நம்பவைத்து, அவரது பணத்தையோ கணினியின் கட்டுப்பாட்டையோ பறிக்கும் நோக்கில் காட்டப்படும் பொய்ச் செய்தி ஆகும். இயங்குதளங்களும் மென்பொருட்களும் வெளியிடும் உண்மையான அறிவிப்புகளின் தோற்றத்தை இது பின்பற்றுகின்றது. தோற்றத்தை எளிதில் நகலெடுக்கலாம். எனவே, அறிவிப்பு பயனரிடம் எதைக் கேட்கின்றது என்பதே இரண்டையும் பிரித்தறியும் முதன்மை வழியாகும்.

உண்மையான அறிவிப்புகள்

மென்பொருள் ஒன்று செயலிழக்கும்போது, பிழைக் குறியீடு, மென்பொருளின் பதிப்பு, நினைவகத்தின் அப்போதைய நிலை போன்ற விபரங்கள் ஓர் அறிக்கையாகத் திரட்டப்படுகின்றன. வழுக்களைக் களைவதற்காக இவ்வறிக்கை மென்பொருளை உருவாக்கியோருக்கு அனுப்பப்படுகின்றது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001 இல் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பியில் இதற்கென ஒரு சிறு சாளரம் தோன்றி, அறிக்கையை அனுப்பலாமா, வேண்டாமா என்று கேட்டது. பயர்பாக்ஸ் உலாவியும் செயலிழந்தால் இவ்வாறே அனுமதி கேட்கின்றது. அனுமதி மறுத்தாலும் பயனருக்கு எவ்வித இழப்பும் இல்லை.

இயங்குதளமே செயலிழந்தால் விண்டோஸில் தோன்றுவது நீலத்திரை எனப்படும். 2012 இல் வெளியான விண்டோஸ் 8 இல் சோகமுகக் குறியும், 2016 இல் விண்டோஸ் 10 இல் கியூஆர் குறியீடும் இத்திரையில் சேர்க்கப்பட்டன. 2025 இல் விண்டோஸ் 11 இல் இவை நீக்கப்பட்டு, திரை கறுப்பு நிறமாக மாற்றப்பட்டது. ஆகவே நிறத்தைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது. இத்திரை தோன்றும்போது இயங்குதளம் நின்றுவிடுவதால், அதில் அழுத்துவதற்குப் பொத்தான்கள் இரா. பேச்சுக் குரலில் எச்சரிக்கையும் ஒலிக்காது.

போலி அறிவிப்புகளின் இயக்கம்

பெரும்பாலான போலி அறிவிப்புகள் உலாவியில் திறக்கும் இணையப்பக்கங்களே. இவை முழுத்திரையை நிரப்பி, எச்சரிக்கை ஒலி எழுப்பி, ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டுகின்றன. பயனரின் ஐபி முகவரியையும் ஊரையும் காட்டி அச்சுறுத்துவதும் உண்டு. ஐபி முகவரி எந்த இணையத்தளத்துக்கும் இயல்பாகவே தெரியக்கூடியது. ஊர் அதிலிருந்து ஊகிக்கப்படுகின்றது. சாதாரண இணையப்பக்கம் ஒன்றினால் வன்தட்டை ஆராய்ந்து நச்சுநிரலைக் கண்டறிய இயலாது.

அந்த எண்ணை அழைப்போரிடம், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் மென்பொருளை நிறுவுமாறு கூறப்படுகின்றது. பின்னர் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து, அதிலுள்ள சிவப்பு, மஞ்சள் குறிகளைப் பழுதின் சான்றாகக் காட்டுவர். நன்றாக இயங்கும் கணினியிலும் இக்குறிகள் காணப்படும்.

உலாவிக்கு வெளியே தோன்றும் போலிகளும் உள்ளன. 2016 இல் மைக்ரோசாப்ட் எச்சரித்த ஹிகர்டிஸ்மோஸ் என்னும் தீநிரல், தொலைபேசி எண்ணுடன் கூடிய போலி நீலத்திரையைக் காட்டியது. வேறு சில போலிப் பக்கங்கள், பிழையைச் சரிசெய்வதாகக் கூறி, ஒரு கட்டளையை ரன் பெட்டியில் ஒட்டி இயக்கச் சொல்கின்றன. அக்கட்டளையே தீநிரலைக் கணினிக்குள் கொண்டுவருகின்றது.

உண்மையான பழுதுகளும் ஏமாற்றுக்குப் பயன்படுகின்றன. 2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான இற்றைப்படுத்தலால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. அந்நீலத்திரைகள் உண்மையானவை. ஆனால், அவற்றைச் சரிசெய்து தருவதாக வந்த மின்னஞ்சல்களுள் பல போலியானவை.

பிரித்தறியும் முறைகள்

* தொலைபேசி எண்: மைக்ரோசாப்டின் பிழை அறிவிப்புகளில் தொலைபேசி எண் இடம்பெறுவதில்லை.
* கட்டணம்: உண்மையான அறிவிப்பு பணமோ, பரிசு அட்டையோ, கடவுச்சொல்லோ கேட்பதில்லை.
* அவசரம்: "கணினியை அணைக்காதீர்" என்பது போன்ற மிரட்டல் போலியின் அடையாளம்.
* பதிவு: விண்டோஸின் ரிலையபிலிட்டி மானிட்டரில் செயலிழப்புகள் நாள்வாரியாகப் பதிவாகின்றன. அறிவிப்பு தோன்றிய நேரத்தில் அங்கு பதிவு எதுவும் இல்லையெனில் ஐயுறுதல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

உலாவி முழுத்திரையில் சிக்கிக்கொண்டால் எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் விடுபடலாம். அதுவும் பயனளிக்காவிடில், கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் விசைகளை ஒருசேர அழுத்தி, டாஸ்க் மேனேஜர் வழியாக உலாவியை மூடலாம். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்டெடுக்கக் கூடாது.

அந்நியருக்கு ஏற்கெனவே அணுகல் கொடுத்திருந்தால், முதலில் இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் இணையவழி நிதி மோசடிகளை 1930 என்ற எண்ணில் முறையிடலாம்.

சட்ட நடவடிக்கைகள்

2012 அக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம், இத்தகைய மோசடிகள் தொடர்பில் ஆறு வழக்குகளை அறிவித்தது. இவற்றுள் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து இயங்கியவை என அது தெரிவித்தது. 2023 அக்டோபரில் இந்திய நடுவண் புலனாய்வுச் செயலகம், மைக்ரோசாப்ட், அமேசான் நிறுவனங்களின் முறையீட்டின்பேரில், அவற்றின் பெயரால் இயங்கிய சட்டவிரோத அழைப்பு மையங்களைச் சோதனையிட்டது.