கேடா தகவல் தொடர்புத் திட்டம்

கேடா தகவல் தொடர்புத் திட்டம் என்பது குஜராத் மாநிலம் கேடா மாவட்டச் சிற்றூர்களுக்காக 1975-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உள்ளூர்த் தொலைக்காட்சித் திட்டமாகும். இஸ்ரோவின் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையமும் தூர்தர்ஷனும் இதை நடத்தின.

அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘சைட்’ செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனை, 6 மாநிலங்களில் சுமார் 2,400 ஊர்களுக்கு ஓராண்டு நிகழ்ச்சிகளை வழங்கியது. கேடா திட்டமோ ஒரே மாவட்டத்துக்கானது. பீஜ் என்னும் சிற்றூரில் ஒளிபரப்பி நிறுவப்பட்டது. ஏறத்தாழ 400 ஊர்களின் பொது இடங்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஊர்மக்கள் பார்வையாளர்களாக மட்டும் இருக்கவில்லை. கதை எழுதவும் நடிக்கவும் முன்வந்தனர். சாதிப் பாகுபாடு, குறைந்தபட்சக் கூலி, குடிப்பழக்கம் ஆகியவை அவர்களுடைய பேச்சுவழக்கிலேயே நிகழ்ச்சிகளாயின. ஊரகத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு 1984-இல் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

1980-களின் இறுதியில் திட்டம் முடிவுற்றது. ஒளிபரப்பும் உரிமை அரசிடம் மட்டுமே இருந்ததால், பயின்றவர்கள் தாமாகத் தொடர வழியில்லை. அலைவரிசைகள் பொதுச் சொத்து என உச்ச நீதிமன்றம் 1995-இல்தான் தீர்ப்பளித்தது. அதன்பின் 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி ஒலித்தது. கேடா காட்டிய சமுதாயத் தொலைக்காட்சி வழி வானொலி அளவுக்கு வளரவில்லை.