தேனுக்குள் கள்

தமிழ்ப் பேரகராதியில் ‘தேன்’ என்ற சொல்லைத் தேடினால், நாம் நாக்கில் வைக்கும் தேனோடு கள்ளும் வண்டும் பொருளாக வந்து நிற்கின்றன. பூச்சி, அது சேர்த்த இனிப்பு, அந்த இனிப்பு புளித்துப் பொங்கிய மது, மூன்றுக்கும் ஒரே பெயர்.

தெலுங்கில் தேனெ, கன்னடத்தில் ஜேனு. கன்னடத்தில் ‘ஜேனு’ இன்றும் பூச்சியைக் குறிக்கும். தேனை மட்டும் சொல்ல ‘ஜேனுதுப்ப’ என்பார்கள். துப்ப என்றால் நெய். தேனீயின் நெய்! இதைவிட அழகான பெயரை நான் கேட்டதில்லை. நாமோ ‘ஈ’யைச் சேர்த்துத் தேனீ ஆக்கிக்கொண்டோம். ‘தே’ என்பதற்கே இனிமை என்று பொருள் உண்டு. யாப்பிலக்கணத்தில் முதலில் படிக்கும் தேமா, இனிக்கும் மாதான், புளிப்பது புளிமா.

சரி, கள் எப்படி உள்ளே வந்தது? தேனில் நீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் ஈஸ்ட் எளிதில் பெருகாது. அதற்காகத்தான் தேனீக்கள் சிறகால் விசிறி விசிறி நீரை வற்றவைத்து, அறையை மெழுகால் மூடுகின்றன. அந்த மூடியை உடைத்து மனிதன் நீர் கலந்தான், தேன் நுரைத்தது. மலைக் குறவர் மூங்கில் குழாயில் முதிரவிட்ட தேறலைத் திருமுருகாற்றுப்படை பேசுகிறது. தேறுதல் என்றால் தெளிதல், தேறல் தெளிந்த கள். நறவு, மட்டு என்ற பழஞ்சொற்களும் தேனையும் கள்ளையும் சேர்த்தே குறித்தவை.

வடமொழி ‘மது’வும் வேதத்தில் தேன், நம் பேச்சில் அது குடி. அதன் உறவுச்சொல் ரஷ்ய மொழியில் ‘ம்யோத்’, தேன். ஆங்கிலத்தில் ‘மீட்’, தேன்மது. பழங்கிரேக்கத்தில் ‘மெத்து’, திராட்சை மது. உறவில்லாத இரு மொழிக் குடும்பங்களிலும் சொல் ஒரே வழியில் நடந்திருக்கிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்கியிருக்கத் தேவையில்லை என்பதே என் முடிவு. தேனும் தண்ணீரும் சேர்ந்த இடமெல்லாம் இது நடக்கும்.

நம் அடுக்குத் தேனிலும் மலைத்தேனிலும் ஈரம் சற்றுக் கூடுதல். வாங்கி வைத்த புட்டியில் நுரை பூத்தால், கலப்படம் என்று உடனே விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஈரம் மிகுந்தால் நல்ல தேனும் புளிக்கும்.