ஆறாம் வகுப்பும் சட்டாம்பிள்ளையும்



ஜூலை மாதம் வந்தால் உங்களில் பலரிடமிருந்து ஒரே மாதிரி செய்தி வருகிறது. "சார், பையன் அஞ்சாவது வரைக்கும் ஒழுங்கா இருந்தான். ஆறாவது போனதும் நோட்டை எங்க வெச்சான், என்ன வீட்டுப்பாடம், ஒண்ணும் தெரியல. சோம்பேறி ஆயிட்டான்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். நான் வரலாறு எடுத்தவன். பழங்கதை இல்லாமல் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பாடவேளை, மணி, பாடத்துக்கு ஒரு நோட்டு எதுவும் கிடையாது. ஒரே வாத்தியார். பல வயதுப் பிள்ளைகள். சின்னவன் மணலில் எழுதுவான், பெரியவன் ஓலையில் எழுதுவான். வாத்தியாரால் எல்லோரையும் பார்க்க முடியாது. அதனால் பெரிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து, சின்னவர்களின் பாடத்தைக் கேட்பான், யார் எங்கே நிற்கிறார்கள் என்று நினைவு வைத்திருப்பான். அந்தப் பள்ளிகளை நான் புகழவில்லை. பிரம்படி அதிகம், எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடமில்லை, சட்டாம்பிள்ளைக்குத் தின்பண்டம் கொடுத்துத் தப்பித்தவர்களும் உண்டு. ஆனால் சின்னப் பிள்ளைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பெரிய பிள்ளை இருந்தது.

1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பாளராக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியில் செய்யச் சொன்னபோது ஆசிரியர் ஒத்துவரவில்லை. உடனே ஜான் ஃப்ரிஸ்கின் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அது நன்றாக நடந்தது. 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாக எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளி இருக்கிறது!

இங்கேயோ வகுப்புவாரிப் பள்ளிகள் வந்து, ஒரே வயதுக்காரர்கள் ஓர் அறைக்குள் போனார்கள். உங்கள் தாத்தாக்கள் 'ஃபர்ஸ்ட் ஃபாரம்' என்றார்களே, அதுதான் இன்றைய ஆறாவது. அதாவது ஆறாம் வகுப்பு உயர்நிலைப் பள்ளியின் அடிப்படி. மேல்வகுப்புக்கு ஏற்ற பாட ஆசிரியர் முறை அப்படியே பதினோரு வயதுப் பிள்ளைமேல் இறங்கியது. நேற்றுவரை ஒரே டீச்சர், இன்று ஐந்தாறு பேர். ஒவ்வொருவரும் தன் வீட்டுப்பாடம் ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துக் கொடுப்பார்கள். ஆசிரியர் அறையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

ஆர்.கே. நாராயணின் 'சுவாமியும் நண்பர்களும்' 1935இல் வந்தது. அந்தச் சுவாமிநாதன் ஃபர்ஸ்ட் ஃபாரம் பையன்தான். கதை தொடங்கும்போதே திங்கள்கிழமை, வீட்டுப்பாடம் முடியவில்லை. பரீட்சைக்கு முன் தாள், நிப்பு, மை என்று ஒரு பட்டியல் போடுகிறான். அப்பா கேலி செய்து, தன் மேசையிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறார். என்னைக் கேட்டால், ஒழுங்குபடுத்திக்கொள்ள ஒரு பிள்ளை தானாகச் செய்த முயற்சி அந்தப் பட்டியல். உட்கார்ந்து கூடப் பார்த்திருக்கலாம்.

அதே நாராயண் 1989இல் மாநிலங்களவையில் புத்தகப் பையின் சுமையைப் பற்றிப் பேசினார். 1992இல் யஷ்பால் குழு அமைந்தது, 1993இல் அறிக்கை தந்தது. பையின் எடையைவிடப் புரியாமல் படிப்பதுதான் பெரிய சுமை என்றது. தமிழ்நாட்டில் 2012-13இல் எட்டாவது வரை முப்பருவ முறை வந்து, புத்தகம் மூன்றாகப் பிரிந்தது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று 2020இல் மத்திய அரசு கொள்கை வகுத்தது. எல்லாம் நல்லதே. எடை குறைந்தது, ஆறு ஆசிரியர் சொன்னதையும் நினைவில் வைக்கும் வேலை குறையவில்லை.

இது சின்ன விஷயமில்லை. கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன், ஆறாவதில் பெயிலானவன் 'படிப்பு ஏறலை' என்ற பட்டத்தோடு ஆடு மேய்க்கவோ பட்டறைக்கோ போனான். அவர்களில் பலர் கணக்கு வராதவர்கள் இல்லை. கணக்கு நோட்டைத் தொலைத்தவர்கள். அந்தப் பெயர்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன.

நான் வகுப்பாசிரியராக இருந்த வருஷங்களில், ஜூன் மாதம் மட்டும் எட்டாவது பிள்ளை ஒருவருக்கு ஆறாவது பிள்ளைகள் இரண்டு பேரை ஒப்படைப்பேன். மாலை மணி அடிப்பதற்கு முன் பத்து நிமிஷம். நாளைக்கு என்ன பாடவேளை, எந்த நோட்டு, எது பாக்கி என்று கேட்பது மட்டும்தான் வேலை, எழுதிக்கொடுக்கக் கூடாது. பெரியவர்களின் பைகளும் சுத்தமாயின, அது எதிர்பாராத லாபம்.

வீட்டில் இதையே செய்யுங்கள். கால அட்டவணையைக் கதவில் ஒட்டுங்கள். வீட்டுப்பாடம் எல்லாம் ஒரே டைரியில். உதிரித் தாளுக்கு ஒரே கோப்பு. இரவு சாப்பாட்டுக்கு முன் பிள்ளையே நாளைய பாடங்களை வாய்விட்டுச் சொல்லிப் பையை அடுக்கட்டும். நீங்கள் "அடுத்தது?" என்று மட்டும் கேளுங்கள். அம்மா அடுக்கித் தந்தால் அது அம்மாவின் பை. காலாண்டுத் தேர்வு வரை தினமும், பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பையைக் கொட்டிப் பார்த்தால் போதும்.

பெற்றோரைவிட, ஒன்பதாவது பத்தாவது படிக்கும் அக்காவோ பெரியப்பா மகனோ கிடைத்தால் இன்னும் நல்லது. என் பேத்திக்கு அப்படி ஒருவன் வருகிறான். கூலி, ஞாயிறுதோறும் இரண்டு பரோட்டா.