எலும்பு வழிவிடவில்லை என்றார்கள்

எங்கள் அப்பத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவர் என் அப்பா. கடைசிப் பெண்ணான என் அத்தையை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவர், மூன்று நாள் வலியில் கிடந்து இறந்துபோனார். பிள்ளையும் தங்கவில்லை. எங்களுடையது சிவகங்கைப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். அந்த நாளில் ஊரில் மருத்துவச்சி மட்டும்தான். மூன்றாம் நாள் விடியற்காலையில் மாட்டு வண்டி கட்டி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். பாதி வழியிலேயே வண்டி திரும்பிவிட்டது.

அத்தையைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பத்தா ஒரே வார்த்தைதான் சொல்லும். "அவளுக்கு இடுப்பு ஒடுக்கம்டா. எலும்பு வழிவிடல. நான் என்ன செய்ய?" அத்தையின் புகுந்த வீட்டில் பேசியது இன்னும் கொஞ்சம் கடுமை. "பிள்ளை பெறத் தோதில்லாத பொண்ணைக் கட்டிவச்சிட்டாக" என்று ஊரெல்லாம் சொன்னார்களாம். இறந்தவள் மேலேயே குற்றம். அதைக் கேட்டுக்கொண்டுதான் அப்பத்தா மீதி முப்பது வருஷம் வாழ்ந்தது.

பிறகு நான் விலங்கியல் ஆசிரியராகி, அரசுப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்த எலும்புக்கூட்டின் பக்கத்தில் நின்று பாடம் நடத்தும்போதெல்லாம் இந்த 'எலும்பு வழிவிடல' என்ற சொல் காதில் கேட்கும். அது என்ன வழி, ஏன் விடவில்லை என்று படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒரு பெரிய சரித்திரமே இருந்தது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் எலும்பைப் பார்த்துவிடுவோம். இடுப்பெலும்பு என்பது ஒரு வளையம். இரண்டு பக்கமும் இரண்டு பெரிய எலும்புகள். இலியம், இஸ்கியம், பியூபிஸ் என்று மூன்று மூன்று துண்டுகள் வளர்ந்து ஒட்டி ஆனவை அவை. பின்னால் முதுகுத்தண்டின் அடியில் உள்ள முக்கோண எலும்பு. அதன் நுனியில் வால் எலும்பு. இந்த வளையத்தின் உள்ளே ஒரு கால்வாய் போல வழி இருக்கிறது. பிள்ளை அதற்குள் நுழைந்துதான் வெளியே வரவேண்டும்.

வழியின் மேல்வாய் பக்கவாட்டில் அகலம். சுமார் 13 செ.மீ. முன்பின்னாக 11 செ.மீ. தான். கீழ்வாய்க்கு வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே முன்பின்னாகத்தான் இடம் அதிகம். நடுவில் இரண்டு பக்கமும் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புகளுக்கு இடையே சுமார் 10.5 செ.மீ. பிள்ளையின் தலையோ, தாடையை நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொண்டால், சுமார் 9.5 செ.மீ. மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு விரல் அகலம்கூட முழுதாக இல்லை.

குறுகலான மாடிப்படியில் பீரோ ஏற்றியவர்களுக்கு இது புரியும். நேராகத் தூக்கினால் போகாது. ஓரிடத்தில் சாய்க்க வேண்டும், ஓரிடத்தில் திருப்ப வேண்டும். பிள்ளையும் அப்படித்தான். பக்கவாட்டில் பார்த்தபடி உள்ளே நுழைகிறது. இறங்க இறங்கத் தலையைத் திருப்பி, தாயின் முதுகுப் பக்கம் முகம் வைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மண்டை ஓட்டின் எலும்புகள் இன்னும் ஒட்டாமல் இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறிக்கொண்டு தலை ஒடுங்கிக்கொடுக்கிறது. உச்சிக்குழி தொட்டால் மெத்தென்று இருப்பது இதனால்தான். 'தலை திரும்பல' என்று நம் மருத்துவச்சிகள் சொன்னது வெறும் பேச்சல்ல.

இந்தத் திருப்பத்தை மருத்துவர்கள் எழுதி வைக்க 18-ஆம் நூற்றாண்டு வரை ஆகியிருக்கிறது. அதற்கு முன்பு ஐரோப்பாவில், கிரேக்கர் காலத்திலிருந்தே ஒரு நம்பிக்கை. பிள்ளை தன் பலத்தால் முட்டிக்கொண்டு வருகிறது, இடுப்பெலும்பு கதவு போலப் பிரிந்து வழிவிடுகிறது என்பது. கர்ப்ப காலத்தில் மூட்டுகள் சற்றுத் தளரும், அவ்வளவுதான். கதவு எதுவும் திறப்பதில்லை. அப்பத்தாவின் 'எலும்பு வழிவிடல' என்ற சொல்லுக்கும் இத்தனை நூற்றாண்டு வயது இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஹாலந்து நாட்டு மருத்துவர் டெவென்டர் 1701-இல் வெளியிட்ட நூலில்தான் இடுப்பெலும்பின் வடிவத்தையும் அதன் கோணல்களையும் விரிவாக எழுதினார்.

அதற்கு முன்பே இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தின் கையில் ஒரு ரகசியம் இருந்தது. சேம்பர்லென் குடும்பம். பிரான்சிலிருந்து 1569-இல் தப்பி வந்த புராட்டஸ்டண்டுகள். பிள்ளையின் தலையை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும் இடுக்கியை இவர்கள்தான் செய்தார்கள். நம் ஊரில் 'ஆயுதம் போட்டு எடுத்தாங்க' என்று சொல்வோமே, அந்த ஆயுதம். ஆனால் யாருக்கும் காட்டவில்லை. பெட்டியில் மூடிக் கொண்டுபோய், தாயின் கண்ணையும் கட்டிவிட்டு வைத்தியம் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். நூறு வருஷத்துக்கு மேல் இந்த ரகசியம் ஒரே குடும்பத்துக்குள் இருந்தது. பிழைத்திருக்க வேண்டிய தாய்கள் அந்த நூறு வருஷத்தில் எத்தனை பேரோ!

1670-இல் அந்தக் குடும்பத்து ஹியூ சேம்பர்லென் இந்த ரகசியத்தை விற்கப் பாரிஸ் போனார். அங்கே பெயர் பெற்ற பிரசவ மருத்துவர் மோரிசோ. "பார்க்கலாம்" என்று ஒரு பெண்ணைக் காட்டினார். 38 வயது, மிகக் குள்ளம், இடுப்பெலும்பு கோணிப்போனவர். பல நாளாக வலியில் கிடந்தார். ஹியூ கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் போராடினார். முடியவில்லை. அந்தப் பெண்ணும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. விற்பனை நின்றது. ஹியூ ஊர் திரும்பி, மோரிசோவின் புத்தகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்! அந்தக் குடும்பத்தின் பழைய இடுக்கிகள் 1813-இல் எஸ்ஸெக்ஸ் பகுதியில் அவர்கள் வாழ்ந்த வீட்டின் தரைப்பலகைக்கு அடியில் கிடைத்தன.

அந்தப் பாரிஸ் பெண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எலும்பே கோணியிருந்தால் இடுக்கி என்ன செய்யும்? எந்த வழியில் எவ்வளவு இடம் என்று முன்கூட்டித் தெரியவேண்டாமா?

அந்தக் கணக்கைப் போட்டவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் ஸ்மெல்லி. லண்டனில் பாடம் நடத்தினார். நிஜ எலும்புகளைத் தோலால் போர்த்தி ஒரு பொம்மை செய்து, பிள்ளை எப்படித் திரும்பி வருகிறது என்று மாணவர்களுக்குக் காட்டினார். விரலை உள்ளே விட்டு, முன்னெலும்பின் அடியிலிருந்து பின்னெலும்பின் மேட்டை எட்ட முடிகிறதா என்று அளக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். 1752-இல் அவருடைய நூல் வந்தது. எலும்புக்கூட்டை வைத்துப் பாடம் நடத்திய எனக்கு இந்த மனிதர் மேல் தனிப் பிரியம்.

அவருக்குப் பின் பிரான்சில் போடலோக் என்பவர் ஒரு பெரிய கவைக்கோல் செய்தார். இடுப்பை வெளியிலிருந்து அளந்தே உள்ளே உள்ள வழியைச் சொல்லிவிடலாம் என்று நம்பினார். பல பத்தாண்டுகள் ஐரோப்பா முழுக்க இந்தக் கருவியை வைத்து அளந்தார்கள். கடைசியில் அது சரிவராது என்று தெரிந்தது. வெளி அகலத்துக்கும் உள்வழிக்கும் நேரான சம்பந்தம் இல்லை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் நம் கிழவிகள் இடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களே, அவர்களும் போடலோக்கும் செய்தது ஒரே தப்பு. அவர் கையில் கருவி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, எலும்பு ஏன் கோணுகிறது? இதுதான் என்னை உலுக்கிய பகுதி. ஐரோப்பாவின் தொழில் நகரங்களில் ஆலைப் புகை வானத்தை மூடிக்கொண்டது. நெருக்கமான சந்துகள். வெயில் படாத வீடுகள். போதாத சாப்பாடு. ஏழைக் குழந்தைகளின் எலும்பு இறுகாமல் வளைந்தது. ரிக்கெட்ஸ் என்பது அதன் பெயர். கால் வளைந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. உடம்பின் பாரத்தில் இடுப்பு வளையம் நசுங்கியது வெளியே தெரியவில்லை. அந்தப் பெண் குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, வலி எடுக்கும் அன்றுதான் அது தெரிந்தது. இருபது வருஷத்துக்கு முந்திய பசிக்கு அன்று கணக்குத் தீர்க்கப்பட்டது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் இதற்குப் பேர்போனது. 1888 ஏப்ரலில் அங்கே பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் வந்தார். பெயர் கேத்தரின். ரிக்கெட்ஸால் வளர்ச்சி நின்று நாலடிக்கும் குறைவான உயரம். இடுக்கிக்கு வழியே இல்லை. டாக்டர் மர்டோக் கேமரன் வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தார். மயக்க மருந்து, கிருமி நீக்கம், கர்ப்பப்பையை நூலால் தைக்கும் முறை மூன்றும் அதற்குள் வந்துவிட்டிருந்தன. தாயும் பிழைத்தார், பிள்ளையும் பிழைத்தான். பிள்ளைக்கு சீசர் கேமரன் என்று பெயர் வைத்தார்கள். பாரிஸ் பெண்ணுக்குக் கிடைக்காதது 218 வருஷம் கழித்து இந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது.

ரிக்கெட்ஸுக்குக் காரணம் தெரிய இன்னும் முப்பது வருஷம் ஆனது. 1919-இல் லண்டனில் மெல்லன்பி மீனெண்ணெயிலும், பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி புற ஊதா விளக்கிலும் அதற்கு மருந்து கண்டார்கள். வைட்டமின் டி என்ற பெயர் அதன்பின் வந்தது. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வெயிலில் நின்றால் தோல் தானே செய்துகொள்ளும்.

வெயில் கொளுத்தும் நம் நாட்டில் இது எப்படி வரும் என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது. காஷ்மீரில் வேலை பார்த்த கேத்லீன் வாகன் என்ற பெண் மருத்துவர் 1928-இல் ஒரு நூல் எழுதினார். பர்தா வழக்கத்தால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த பெண்களுக்கு எலும்பு மெலிந்து இடுப்பு ஒடுங்கி, பிரசவம் எமனாக வந்ததை அதில் சொல்கிறார். வெளியே வேலை செய்த ஏழைப் பெண்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. வெயில் இருந்தது. வெயிலில் நிற்கத்தான் அந்தப் பெண்களுக்கு அனுமதி இல்லை.

சென்னை எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி 1844-இலேயே வந்துவிட்டது. அங்கே பணியாற்றிய டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் 1938-இல் வெளியிட்ட மகப்பேறு நூலை இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். அத்தை இறந்தபோது அந்தப் புத்தகத்துக்குப் பத்து வயது. சிசேரியன் தெரிந்த டாக்டர்கள் நம் மாகாணத்தில் இருந்தார்கள். அவர்களுக்கும் எங்கள் கிராமத்துக்கும் இடையே ஒரு மாட்டு வண்டிதான் இருந்தது.

அத்தையின் இடுப்பு ஒடுக்கமா, பிள்ளையின் தலை திரும்பவில்லையா, வேறு காரணமா, யாரும் அளந்து பார்க்கவில்லை. ஒருவேளை ஒடுக்கமாகவே இருந்திருந்தாலும் அது அத்தை செய்த குற்றமா? வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு மிஞ்சியதைச் சாப்பிட்டு வளர்ந்த கடைசிப் பெண் அவர். பதினாறில் கல்யாணம். எலும்பு முழுதாக வளரும் முன்பே வயிற்றில் பிள்ளை. வலி தொடங்கிய முதல் நாளே வண்டி கட்டியிருந்தால் என்ற நினைப்பும் உண்டு. ஆனால் அதைச் சொல்லி அப்பத்தாவை நான் மேலும் நோகடிக்கவில்லை.

இப்போது தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய பாதிக்குப் பாதி சிசேரியன். அது அதிகம் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். வெளித்தோற்றத்தையோ எக்ஸ்ரே படத்தையோ பார்த்து முன்கூட்டி முடிவு கட்டுவது இன்றைய முறை இல்லை. வலி எடுக்கவிட்டு, கர்ப்பப்பை வாய் திறப்பதையும் தலை இறங்குவதையும் மணிக்கணக்கில் குறித்துக்கொண்டே பார்க்கிறார்கள். வழி போதுமா என்பதை அந்தத் தலையே சொல்லிவிடுகிறது.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேத்திக்கு வரன் பார்க்கும்போதோ, பேரனுக்குப் பெண் பார்க்கும்போதோ 'இடுப்பு சிறுத்த பொண்ணு' என்று வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். அவள் தட்டில் பாலும் முட்டையும் கீரையும் இருக்கிறதா, தினம் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கிறாளா என்று பாருங்கள்.

அப்பத்தா போவதற்கு ஒரு மாதம் முன்பு, பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் என்னால் முடிந்த தமிழில் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அவ மேல தப்பில்லையாடா?" என்றது. இல்லை என்றேன். "அதை அந்த வீட்டுக்காரக கிட்ட யாராச்சும் சொல்லணுமே" என்றது.

சொல்ல வேண்டியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அதனால் இங்கே எழுதிவிட்டேன்.