நான்கு மதகுருமார்கள்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பட்டாளத்திலிருந்து விடுப்பில் வரும் அண்ணன்மார்களைக் கேட்டுப் பாருங்கள். 'சர்வ தர்ம ஸ்தலம்' பற்றிச் சொல்வார்கள். எல்லா மதத்தினரும் ஒரே கூரையின் கீழ் வழிபடும் இடம் அது. பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் என மத ஆசிரியர்களும் நம் ராணுவத்தில் உண்டு. அவர்கள் சண்டை போட அனுப்பப்படுபவர்கள் அல்ல. ஆனால் வீரர்கள் போகும் இடத்துக்கு அவர்களும் போகிறார்கள். ஆபத்து வந்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் வருகிறது.

அப்படி ஓர் ஆபத்து இரண்டாம் உலகப் போரில் நான்கு மதகுருமார்களுக்கு வந்தது.

1943 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகப்போகிற நேரம். 'டார்செஸ்டர்' என்ற அமெரிக்கத் துருப்புக் கப்பல் 902 பேருடன் கிரீன்லாந்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் வீசிய குண்டு அதைத் தாக்கியது. லைஃப் ஜாக்கெட்டுடனே தூங்கும்படி கேப்டன் முன்பே உத்தரவிட்டிருந்தார். கீழ்த்தளத்தில் புழுக்கம் தாங்காமல் பலர் அதைக் கழற்றி வைத்திருந்தனர். மின்சாரமும் போய்விட, இருட்டில் ஒரே கூச்சல்.

ஜார்ஜ் ஃபாக்ஸ் மெதடிஸ்ட் போதகர். அலெக்சாண்டர் கூட் யூத ரபி. கிளார்க் போலிங் சீர்திருத்தச் சபைப் போதகர். ஜான் வாஷிங்டன் கத்தோலிக்கப் பாதிரியார். நால்வரும் வீரர்களை அமைதிப்படுத்தி, மேல்தளத்தில் லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்து வழங்கினார்கள். ஜாக்கெட்டுகள் தீர்ந்துபோயின. உடனே தாங்கள் அணிந்திருந்ததைக் கழற்றி, எதிரே நின்ற நான்கு பேருக்குக் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவன் எந்த மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கப்பல் மூழ்கியபோது நால்வரும் கைகோத்து நின்று பிரார்த்தித்ததாக உயிர் தப்பியவர்கள் கூறினார்கள். பிழைத்தவர்கள் 230 பேர். இறந்தவர்கள் 672 பேர்.

அதே இரவில் இன்னொருவரும் நினைக்கத்தக்கவர். பாதுகாப்புக்கு வந்த 'கமான்சி' கப்பலின் கறுப்பினப் பணியாளர் சார்லஸ் வால்டர் டேவிட், உறையும் கடலில் இறங்கிப் பலரைக் காப்பாற்றினார். பின்னர் நிமோனியா கண்டு இறந்தார். கறுப்பர்களைச் சமையல், பரிமாறும் வேலைகளிலேயே ஒதுக்கி வைத்திருந்த காலம் அது.

நால்வருக்கும் 1944-இல், மறைவுக்குப் பின், விருதுகள் வழங்கப்பட்டன. ஆனால் நாட்டின் மிக உயர்ந்த 'மெடல் ஆஃப் ஹானர்' கிடைக்கவில்லை. எதிரியோடு மோதும்போது காட்டிய வீரத்துக்கு மட்டுமே அது என்றது விதி. எனவே 1960-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இவர்களுக்காகவே தனிப் பதக்கம் ஒன்றை உருவாக்கியது. 1961-இல் அது குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

எதிரியைக் கொல்வதை அளக்கத் தெரிந்த விதிப்புத்தகத்துக்கு, தன் உயிரைக் கொடுப்பதை அளக்கத் தெரியவில்லை. அதைப் புரிந்துகொள்ள 17 ஆண்டுகள் ஆயின. மதத்தின் பெயரால் மனிதனை மனிதன் விலக்கும்போதெல்லாம், அந்த நான்கு ஜாக்கெட்டுகளையும் நினைத்துக்கொள்வது நல்லது.