தோலும் துணியும் தாங்கிய படகு

கிரீன்லாந்தில் மரம் அரிது. கடலில் மிதந்து வந்த கட்டைகளே முன்பு அங்கு வாழ்ந்த இனுயிட் மக்களுக்கு மரமாக இருந்தன. அவற்றைச் சீவி, ஒன்றோடொன்று பொருத்தி, தோல்வாரினால் பிணைத்துச் சட்டம் அமைத்தனர். அதன்மேல் கடல்நாய்த் தோலை ஈரத்துடனேயே இழுத்துத் தைத்தனர். உலர உலரத் தோல் சுருங்கி, முரசின் தோலைப்போல் விறைக்கும். இதுவே 'கயாக்'.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோலின் வேலை நீரைத் தடுப்பது மட்டுமன்று. தோல் இழுவிசையை ஏற்கிறது. மரச்சட்டம் அமுக்கத்தை ஏற்கிறது. கட்டுகள் சற்றே நெகிழ்வதால், அலை மோதும்போது படகு முறியாமல் வளைந்து கொடுக்கும். பனிக்கடலில் தனியே செல்லும் வேடனின் உயிர் இந்தக் கட்டுகளில்தான் இருந்தது.

1905-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், கட்டடக்கலை மாணவர் ஆல்ஃபிரட் ஹாய்ரிக் மூங்கிற் சட்டத்தில் துணி போர்த்தி, பிரித்து மடிக்கத்தக்க கயாக் ஒன்றைச் செய்தார். 1907-இல் அதன் உரிமையை வாங்கியவர் ரோசன்ஹைம் ஊர்த் தையற்காரர் யோஹான் கிளெப்பர். படகுக்குத் தையற்காரரா என வியக்க வேண்டாம். அளவு பிசகினால் துணியில் விறைப்பு ஏது?

1956-இல் ஹான்னெஸ் லிண்டமன் என்னும் மருத்துவர் கிளெப்பர் படகொன்றில் தனியாகப் புறப்பட்டு, 72 நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்தார். வழியில் இருமுறை கவிழ்ந்தது. இரவெல்லாம் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு கிடந்து, விடிந்தபின் நிமிர்த்தினார்.